வைரவநாதன் பிறந்த வீடு, வெள்ளிக்கிழமை விடுமுறை

வெள்ளிக்கிழமை லீவு சார். அந்த கேட்டை எவ்வளவு ஆட்டினாலும் திறக்காது. போர்டில் போட்டிருக்கிறார்கள், ஆனால் நேரம் எழுதியிருக்கிற இடமாகப் பார்த்து யாரோ காதணி விழா போஸ்டரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிறவர். இருந்திருந்தால் மட்டும் என்ன? "ஏய், செருப்ப அங்க வுடு, செவுத்துல சாயாத, போட்டா எடுக்காத, எடுத்தா போன புடுங்கிருவன்!"

திரும்பிப் பார்க்காதீர்கள், பின்னால் யாரும் இல்லை. நான்தான்.

எல்லாரும் இப்படித்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் சுவாதிகா. ஊரில் டேப்பு. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வந்துவிடும். பத்தாவது படிக்கும்போது ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில், "மாணவச் செல்வங்களே, கனமழை எச்சரிக்கை காரணமாக..." என்று ஆரம்பித்தேன். நல்ல வெயில் சார் அன்றைக்கு. நான்கு கிளாஸ் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா அடித்த அடியில் ஒரு வாரம் என் சொந்தக் குரல்கூட வரவில்லை.

அடுத்த பஸ் ஒன்றே காலுக்குத்தான். இந்த ஷெட்டில் உட்காருங்கள், நிழல் இருக்கிறது. நானும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். ப்ளஸ் டூ எழுதியாகிவிட்டது, ரிசல்ட் வரவில்லை, வீட்டில் கரண்ட் இல்லை. அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

சேலத்திலிருந்தா? மூன்று பஸ் மாறியா? அவ்வளவு பிடிக்குமா வைரவநாதன் பாட்டு? சரி, அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். நீங்கள் ஒன்றே கால் பஸ்ஸில் போய்விடுவீர்கள். இந்த ஊர்ப் பக்கம் மறுபடி வர மாட்டீர்கள். வர மாட்டீர்கள்தானே?

நீங்கள் கேட்டை ஆட்டினீர்களே, அந்த வீட்டில் அவர் பிறக்கவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை சார், நிஜம். அதோ பாருங்கள், அந்த வீட்டிலிருந்து மூன்றாவது, பச்சைக் கதவு, வாசலில் டிவிஎஸ் நிற்கிறதே. அதுதான். வடக்குப் பக்கத்து அறை. இப்போது எங்கள் அப்பா அதில் உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். எங்கள் வீடு சார் அது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு போட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். வைரவநாதன் அவர் அம்மாவுக்குத் தலைச்சன். அம்மா இந்த ஊர். அப்பா ஊர் சாத்தமேடு, இங்கேயிருந்து ஆறு கிலோமீட்டர். அவர் வாழ்நாள் முழுக்க எந்தப் பேட்டியில் கேட்டாலும், "அடியேன் பிறந்தது சாத்தமேடு என்கிற சிற்றூரில்..." இந்தக் குரல்தானே? இந்தக் கரகரப்புதானே? பார்த்தீர்களா, உங்களுக்குக் கண் கலங்குகிறது. எங்கள் ஊர்ப் பெயரை அந்த மனுஷன் ஒரு தடவைகூடச் சொன்னது கிடையாது. பிள்ளை பெற்றுக்கொடுக்கிறதோடு தாய்வீட்டு வேலை முடிந்தது. சாத்தமேட்டுக்காரர்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டுத் தலைச்சன்களும் வெளியூரில் பிறந்ததுகள்தான். ஆனால் வளைவு கட்டும்போது மறந்துவிடும். "தேன்குரல் வைரவநாதன் பிறந்த மண்" என்று அங்கே சிமெண்டில் வளைவு கட்டிவிட்டார்கள்.

அவர் செத்துப்போனதும் பிறந்த வீட்டை நினைவில்லம் ஆக்கப்போவதாக அரசாங்க அறிவிப்பு வந்தது. உடனே எங்கள் ஊருக்கு ரோஷம் வந்தது. "தலைச்சன்யா! எங்க ஊருலதான்யா பொறந்தாரு!" சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கண்ணாடி, கழுத்தில் தொங்குகிற அட்டை, கையில் ஃபைல். சாத்தமேட்டில் விசாரித்து, இங்கே விசாரித்து, எங்கள் ஊர்தான் என்பது வரைக்கும் வந்துவிட்டார். எந்த வீடு என்பதுதான் பாக்கி. அவருடைய தாய்மாமன்கள் அந்தக் காலத்திலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். இந்தத் தெருவில் ஏழு பழைய ஓட்டு வீடு. ஏழு பேரும் சொன்னார்கள், "எங்களுது இல்லைங்க."

ஆமாம் சார். ஊருக்கு நினைவில்லம் வேண்டும். எவன் வீட்டிலும் வேண்டாம். அவர் பிறந்த வீடு என்றால் துறை எடுத்துக்கொள்ளும், இல்லையா?

தெரிந்த ஆள் ஒரே ஆள்தான். பட்டம்மாக் கிழவி. தொண்ணூறு வயது. அவர் பிறந்தபோது அதற்குப் பன்னிரண்டோ பதிமூன்றோ. வெந்நீர் போட ஓடினது, நஞ்சுக்கொடி புதைக்க மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது எல்லாம் அதுதான். எதிர்வீடு. பேரன் குடும்பம் பகல் பூரா முந்திரிக் காட்டில் இருக்கும், அதனால் மத்தியானக் கஞ்சியை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நூறு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறது: "ஒங்க வூட்டு வடக்கால ரூமுலதாண்டி பொறந்தான். ஒங்க கொல்லையிலதான் நஞ்சுக்கொடி கெடக்கு."

மேடம் வந்த சமயம் கிழவிக்கு நினைவு போய்ப் போய் வந்தது. மேடத்தைப் பார்த்து, "வா சம்பந்தி, பொண்ணு நல்லாருக்கா?" என்று கேட்டது. மேடம் பாவம், "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் அப்பா வார்டு மெம்பர், கலியபெருமாள். அவர் முன்னால் வந்து, "மேடம், கெழவிக்குத் தெளிவு வந்ததும் நானே போன்ல பேச வைக்கிறேன். நீங்க பதிவு பண்ணிக்குங்க" என்றார். மேடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா செய்த காரியம் என்ன தெரியுமா? கதவைச் சாத்தினார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சுவாதி, அந்தக் கெழவி மாதிரி பேசிக் காட்டு" என்றார்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவை சார். யார் மாதிரியும் பேசாதே என்று விளக்குமாற்றை எடுத்த மனுஷன். நான் பேசினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதேதான்" என்றார். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி இருந்தது.

"நம்ம வீட்ட எடுத்துக்கிட்டா நாம எங்க போவோம் சொல்லு? கெழவி குரல்ல கொளஞ்சி வீடுன்னு சொல்லிடு. ஒரு வார்த்தை. அவனுக்கும் சந்தோஷம்தான். வைரவநாதன்னா உசுர வுடுவான்."

கொளஞ்சி மாமா மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் முதல் பாட்டு வைரவநாதன் பாட்டுதான் போடுவார். இழவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதேதான். "எழவுக்கும் ஏற்ற பாட்டு அவர் பாடியிருக்காருய்யா" என்பார். அவர் மகள் இளமதி. நானும் அவளும் ஒன்றாவதிலிருந்து ஒரே பெஞ்சு. நான் குரல் பழகுகிறபோது சரியா தப்பா என்று சொல்வதே அவள்தான். காது சார் அவளுக்கு. கிழவி குரலை நான் பழகினபோது ஒன்று கண்டுபிடித்தாள். "எல்லாம் சரி, கடைசியில ம்க்கும்னு ஒரு கனைப்பு கனைக்கிறியே, கெழவி எங்கடி அப்படிக் கனைக்குது? அது ஒன் சரக்குடி டேப்பு!" நிஜம்தான். ஒவ்வொரு வசனம் முடிகிறபோதும் என்னை அறியாமல் வந்துவிடும். கிழவிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

மேடம் போன் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. நான் போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பேசினேன். குரல் அடைத்த மாதிரி வர வேண்டும் இல்லையா, அதுக்கு. முப்பத்தெட்டு வினாடி. "கொளஞ்சி வூடு இருக்குல்ல, அந்த வூட்டு வடக்கால ரூமுலதான் பொறந்தான்மா. நஞ்சுக்கொடி பொதைக்க நாந்தான் மம்முட்டி எடுத்துக் குடுத்தேன். பொறந்தப்போ அழுதான் பாரு, அந்த அழுகையே ராகமா இருந்துச்சு... ம்க்கும்."

அழுகையே ராகம் என்பதை அப்பா சொல்லிக் கொடுக்கவில்லை. நானே போட்டது. உள்ளே போனால் பளிங்குக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், தங்க எழுத்தில். அடியில் "திருமதி பட்டம்மாள்" என்று பெயர். என் வசனம் சார் அது!

மறுவாரம் மேடம் தாளில் டைப் அடித்து அனுப்பினார். அப்பா எடுத்துக்கொண்டு போய், தூங்குகிற கிழவியின் கட்டைவிரலை மையில் தேய்த்துக் கைநாட்டு வாங்கிவிட்டார். ஒரு மாதத்தில் கிழவி செத்துப்போய்விட்டது. அதனால் என்மேல் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பேசச் சொன்னது அப்பா. நம்பினது மேடம். வீட்டைக் கொடுத்தது கொளஞ்சி மாமா.

ஆமாம், அவரே கொடுத்தார் சார். சண்டை போடுவார், கோர்ட்டுக்குப் போவார் என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். மாமா என்ன செய்தார் தெரியுமா? வடக்கு அறையில் போய் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார். "இத்தன வருசம் இந்த எடத்துல காலை நீட்டிப் படுத்திருந்தேனே, எம்பெருமானே!" அழுகிறார், சிரிக்கிறார். அன்றையிலிருந்து அந்த அறையில் படுக்கவில்லை. வீட்டை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று அவரே மேடத்துக்குப் போன் செய்வார். "நான் அங்கயே வாட்ச்மேனா இருந்துக்கிறேன் மேடம், பொத்திப் பொத்திப் பாத்துக்கிறேன்." மேடமும் "பார்க்கலாம்ங்க, பார்க்கலாம்ங்க" என்றார்.

வாட்ச்மேன் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. மாற்று இடம் என்று ஒரு மனைக்குப் பட்டா கொடுத்தார்கள், ஏரிக்கரையில். மழை பெய்தால் அந்த மனையில் மீன் பிடிக்கலாம். இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒற்றை அறை, வாடகைக்கு. மைக்செட்டை வைக்க இடம் இல்லை. ஆம்ப்ளிஃபயர், பெட்டி எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு ஹாரன் ஸ்பீக்கரை மட்டும் நினைவில்லத்துக்குக் கொடுத்தார். திறப்பு விழா அன்றைக்கு அதைத் தன் கையாலேயே கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, ஒயரைப் பல்லால் சீவி. எதுக்கு? பட்டம்மாக் கிழவி குரல் ஊருக்கே கேட்க வேண்டுமாம்.

மந்திரி ரிப்பன் வெட்டினார். ஹாரனில் என் குரல் வந்தது. ஐயோ சார், அந்த நிமிஷம்! இவ்வளவு கூட்டம், கலெக்டர் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள், அத்தனையும் நான்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தாவணியை வாயில் திணித்துக்கொண்டேன். கடைசியில் அந்த "ம்க்கும்" வந்தது. எல்லாரும் ஹாரனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இளமதி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெயில் அவள் கண்ணில் அடித்திருக்கும்.

அதற்கப்புறம் அவள் பேசுவதில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. ப்ளஸ் டூ முழுக்க ஜெயங்கொண்டம் ஸ்கூலிலேயே படித்துவிட்டாள். ஊரை விட்டுப் போன வருத்தம், வேறென்ன? அதுக்கு என்னிடம் ஏன் கோபம்? நான் என்ன செய்தேன்? எல்லார் குரலும் எனக்கு வரும் சார். ஹெட்மாஸ்டர், கண்டக்டர், மந்திரி, உங்கள் வைரவநாதன், யார் வேண்டும் சொல்லுங்கள். இளமதி குரல் மட்டும் வருவதில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பழக்கம் விட்டுப்போச்சு.

நான் உண்மையைச் சொல்லாமல் இல்லை. திறப்பு விழா முடிந்து மேடம் காரில் ஏறப் போனபோது ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். மனசு கேட்காமல் எல்லாம் இல்லை, கல்லில் என் பெயரைப் போடச் சொல்லத்தான். "மேடம், அந்தக் குரல் கெழவி இல்ல. நான்தான்." மேடம் சிரித்தார். "எங்க, பேசு பாப்போம்?" முப்பத்தெட்டு வினாடியையும் ஒரு எழுத்து விடாமல் பேசினேன். டிரைவர் கை தட்டினார். மேடம் என் தோளில் தட்டிக் கொடுத்து, "ரொம்ப நல்லா பண்றம்மா. ஆனா ஒரிஜினல்ல ஒரு உருக்கம் இருக்கு பாரு, அது மட்டும் வரல. ட்ரை பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கார் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கு மேல் நான் என்ன செய்ய? எவ்வளவு சரியாகப் பேசுகிறேனோ அவ்வளவுக்கு நான் வெறும் டேப்பு.

இதில் எங்கள் அப்பாவுக்குத்தான் இப்போது ரொம்ப ஆத்திரம். நினைவில்லம் வரைக்கும் தார் ரோடு போட்டார்கள், அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு பாக்கி. லைட் கம்பமும் அதோடு சரி. சாயங்காலம் வாசலில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "நமக்கு வர வேண்டியதுடி எல்லாம்" என்கிறார். நேற்று சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார், "சுவாதி, கெழவி சாவுறதுக்கு முந்தி வேற மாதிரி சொல்லிச்சுன்னு ஒரு பதிவு இருந்தா எப்படி இருக்கும்?" சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பசியில்லை, அவ்வளவுதான்.

மணி என்ன? ஒன்று பத்தா? வந்துவிடும்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். கொளஞ்சி மாமா இப்போது முந்திரி கம்பெனியில் மூட்டை தூக்குகிறார். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. நினைவில்லத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. திறப்பு விழாவுக்கு அப்புறம் அந்த மனுஷன் தன் வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த ஒன்றே கால் பஸ்ஸில் வந்து இறங்குவார். கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பார். உங்களைப் போல வந்து ஏமாந்து நிற்கிறவர்களுக்கு, "இதான் வாசல், இதான் முத்தம், அந்த ஜன்னலு தெரியுதுல்ல, அதான் வடக்கால ரூமு" என்று கை நீட்டிக் காட்டுவார். அப்புறம் என்னிடம் வருவார். உள்ளே பூட்டியிருப்பதால் பதிவைக் கேட்க முடியாது, அதனால் நான் பேசிக் காட்ட வேண்டும். நானும் பேசுவேன். நான் தற்செயலாக இங்கே உட்கார்ந்திருப்பதால்தான். அவருக்காக ஒன்றும் வருவதில்லை.

போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க இளமதி என்ன சொல்றா தெரியுமா பாப்பா? 'அந்தப் பாட்டி ம்க்கும்னு கனைக்காதுப்பா'ங்கிறா. செத்தவங்கள நக்கல் பண்ணாதடின்னு வஞ்சேன். அழுதுட்டா."

அவள் எதுக்கு அழுதாள் என்று எனக்குத் தெரியாது சார். தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொன்னவள், அதுக்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்திருப்பாளோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் வந்துவிட்டது. எழுந்திருங்கள். கடைசிப் படியில் இறங்குகிறார் பாருங்கள், வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. நான் சொன்னது எதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கும்பிடுகிறேன் சார்.

"வாங்க மாமா. ஆமா, சேலத்துலேருந்து வந்திருக்காரு. ஒங்க வூட்டப் பாக்கத்தான். மூணு பஸ்ஸு மாறி! சார், இவர்தான் கொளஞ்சி மாமா, இவரு வூட்டுலதான் பொறந்தாரு. ...இப்பவா? சாருக்கு பஸ் வந்திருச்சு மாமா. ...சரி, சரி. பேசுறேன்.

"கொளஞ்சி வூடு இருக்குல்ல, அந்த வூட்டு வடக்கால ரூமுலதான் பொறந்தான்மா. நஞ்சுக்கொடி பொதைக்க நாந்தான் மம்முட்டி எடுத்துக் குடுத்தேன். பொறந்தப்போ அழுதான் பாரு, அந்த அழுகையே ராகமா இருந்துச்சு...

"என்ன மாமா? முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான். ...எது? ...இல்ல மாமா, அது வேணாமேன்னு விட்டேன். ...சரி, கோவிச்சுக்காதீங்க. அது இல்லாம கெழவி மாதிரி இல்லையா? சரி மாமா.

"ம்க்கும்."